நாற்பத்தேழாம் நம்பர் நிழல்

சாலிகுளத்துக்குப் பிரியும் விலக்கில் சாலையோரம் நின்ற எழுபத்துமூன்று புளியமரங்களையும் வெட்டிச் சாய்த்து, லாரி லாரியாக ஏற்றி, மிச்சமிருந்த வேர்முண்டுகளையும் இயந்திரத்தை விட்டுக் கிண்டி எடுத்துக்கொண்டு போன மறுநாள் காலையில், அந்த மரங்களின் நிழல்கள் மட்டும் போகாமல் அவையவை இருந்த இடத்திலேயே கிடந்தன.

அதை முதன்முதலில் கண்டவள் கம்மங்கூழ் விற்கும் சீனியம்மா. கண்டாள் என்றுகூடச் சொல்லக் கூடாது, அதன்மேல் உட்கார்ந்தாள் என்பதுதான் சரி. பதினாலு வருசமாக நாற்பத்தேழாம் நம்பர் மரத்தடியில் கடை போட்டவள், இன்றைக்கு எங்கே போய் உட்காருவது, திறந்த வெயிலில் கூழ் பத்து மணிக்கே பொங்கிப் புளித்துவிடுமே, புளித்த கூழை எவன் குடிப்பான், திருப்பூரில் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிற புருசனுக்கு என்னவென்று சொல்வது என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு, வெட்டினவன் கையில் கரையான் பிடிக்க என்று வாய்நிறையச் சாபமும் கொடுத்துக்கொண்டு வந்தாள். கால்களுக்கு என்ன தெரியும், அவை பழைய தடத்திலேயே நடந்து பழைய இடத்திலேயே நின்றன. தலைப்பானையை இறக்கினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். உட்கார்ந்து, எப்போதும்போல முதுகைப் பின்னால் சாய்த்தாள். மரம்தான் இல்லையே, மல்லாக்க விழுந்தாள்.

விழுந்தவள் உடனே எழுந்திருக்கவில்லை. மேலே ஆகாயம் மொட்டையாகக் கிடந்தது, சூரியன் கண்ணுக்கு நேரே நின்றது, ஆனால் உடம்பில் வெயில் இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தாள். தரையில் நாற்பத்தேழின் நிழல், கிளை கிளையாக, பொடி இலை பொடி இலையாக, ஒரு பக்கம் கோணலாக நீண்ட அந்தக் கொப்பு உட்பட, ஒன்றும் குறையாமல் அசைந்துகொண்டிருந்தது. குளுகுளுவென்று காற்றும் வந்தது. “சரிதான்” என்று சொல்லிவிட்டு எழுந்து, முதுகு மணலைத் தட்டிவிட்டு, முதல் சொம்புக் கூழைக் கலக்கினாள். அவளுக்கு வேலை கிடந்தது.

இந்த நம்பர் விவகாரத்தைச் சொல்லிவிட வேண்டும். சாலையோரப் புளியமரங்களுக்கு அடியில் வெள்ளைப் பட்டையும் செவப்புப் பட்டையும் அடித்து, அதன்மேல் கருப்பு மையால் நம்பர் போட்டிருப்பார்கள். வருசா வருசம் மரத்துப் புளியை ஏலம் விடுவதற்காக எவரோ போட்ட நம்பர்தான், ஆனால் விலக்கில் இருப்பவர்களுக்கு அதுவே விலாசம். பஸ்ஸில் ஏறி “நாப்பத்தேழு ஒண்ணு” என்றுதான் டிக்கெட் கேட்பார்கள். மீராசா பாயின் தையல் மிஷின் நாற்பத்தெட்டில், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது முப்பத்தொன்றில், பெண்பார்க்க வருகிறவர்கள் வேனை நிறுத்தி வேட்டியைச் சரிசெய்துகொள்வது பன்னிரண்டில். மரங்களை வெட்டியது சாலையை அகலப்படுத்த. எழுபத்துமூன்றும் விழுந்த பிற்பாடுதான், புதுச் சாலை குளத்துக்கு அந்தப் பக்கமாகப் போகிறது, இந்தப் பக்கம் ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டியதில்லை என்று செய்தி வந்தது. யாரோ வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துவிட்டார்களாம்.

நிழல் நின்றுவிட்டது என்ற செய்தி ஊருக்குள் போனதும் ஜனங்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டார்கள், பிறகு உட்கார்ந்து கூழ் குடித்தார்கள். அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு மேல் எதையும் அதிசயமாகவே வைத்திருக்க அந்த ஊருக்குப் பழக்கமில்லை. ஆனால் ஒரு தொந்தரவு மட்டும் தீரவில்லை. பழக்க தோசத்தில் எல்லோரும் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். கம்பீரமாகப் பஸ்ஸைவிட்டு இறங்கும் பஞ்சாயத்துத் தலைவர் தங்கப்பழம் விழுந்தார், தாலி கட்டிய கையோடு வந்த மாப்பிள்ளை விழுந்தான், மீராசா பாய் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே நாளைக்கு மூன்று தடவை விழுந்தார். ஒருவரையொருவர் பார்த்தால் சாப்பிட்டாச்சா என்று கேட்கும் வழக்கம் போய், “இன்னைக்கு விழுந்தாச்சா?” என்று கேட்பது வழக்கமாயிற்று.

மாசியில் நிழல் காய்த்தது. கோணல் கோணலாகத் தொங்கும் பழங்களின் நிழலைப் பிள்ளைகள் தரையில் பிறாண்டிப் பிறாண்டி நகக்கண்ணில் மண்தான் ஏறியது. ஏலம் எடுக்கிறவர் ஒருவர் வந்து, இடுப்பில் கைவைத்து அரை நாள் நின்று பார்த்துவிட்டு, “காய்ப்பு என்னமோ நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லிப் போனார். காக்கைகளின் நிழல்கள் வந்து கிளைகளின் நிழலில் உட்கார்ந்தன. காக்கை எங்கே என்று எவரும் கேட்கவில்லை. புளியமரத்துப் பேய்கள் இப்போது எங்கே குடியிருக்கும் என்ற கேள்வி மட்டும் கொஞ்ச நாள் ஓடியது. அவையும் நம்மைப்போலச் சாய்ந்து சாய்ந்து விழுந்துகொண்டிருக்கும் என்று மீராசா பாய் சொல்ல, அதோடு அந்தப் பேச்சும் முடிந்தது.

தலைவர் தங்கப்பழத்துக்கு ஒரே பெருமை. வெளியூர்க்காரர் யார் வந்தாலும் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினார். “பாத்தியளா, சருகு கூட்ட வேண்டாம், காக்கா எச்சம் விழாது, காத்தடிச்சா கொப்பு ஒடிஞ்சு மண்டையில விழாது, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த வேண்டாம். பராமரிப்பே இல்லாத நெழலு! மரம் இருந்த காலத்துல கூட இவ்வளவு சொகம் கெடையாது கேட்டியளா!” என்பார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். அவர் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை.

ஆனால் சீனியம்மாவிடம் ஒரு தட்டு இருந்தது. மோர்ப்பானையை மூடி வைக்கும் அலுமினியத் தட்டு. நிழலுக்குள் அங்கங்கே வெயில் பொட்டுப் பொட்டாக விழும் அல்லவா, பொட்டு விழும் இடத்தில் மோர் சூடாகிவிடும் என்று, சித்திரை உச்சியில் தட்டில் வெயில் எங்கெங்கே விழுகிறதோ அங்கே ஆணியால் ஒரு கீறல் கீறி, அதற்குத் தக்கபடி பானையை நகர்த்திவைப்பாள். நிழல் தனியாக நின்ற முதல் சித்திரையில் மூன்று கீறல். அடுத்த சித்திரையில் எட்டு. மூன்றாம் சித்திரையில் கீறிக் கீறிக் கை ஓய்ந்து நிமிர்ந்தபோது இருபத்தொன்று. பங்குனியில் மரம் இலை உதிர்த்துத் துளிர்ப்பதுபோல நிழலும் உதிர்த்தது, துளிர்த்தது, ஆனால் உதிர்ந்ததில் பாதிதான் திரும்பி வந்தது. செத்த மரத்தின் நிழல் எத்தனை தடவை துளிர்க்கும்? சீனியம்மா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அது உண்மையாகிவிடுமோ என்று பயந்தாள்.

அந்த ஆனி மாதம் இரண்டு நாள் நல்ல மழை. மூன்றாம் நாள் காலையில் பானையோடு வந்தவள் நாற்பத்தேழைக் காணாமல் திகைத்து நின்றாள். நாற்பத்தாறு கிடக்கிறது, நாற்பத்தெட்டு கிடக்கிறது, நடுவில் வெயில் மட்டும் கொட்டுகிறது. “அய்யோ, எங் கடையக் காணமே!” என்று அலறினாள். மீராசா பாய் ஓடி வந்தார். இரண்டு பேரும் தொலைந்த தோட்டைத் தேடுகிறவர்களைப்போலக் குனிந்து குனிந்து தேடினார்கள்.

வேர்முண்டு கிண்டிய பள்ளத்தில், அவள் விரல் உயரம்கூட இல்லாத ஒரு புளியங்கன்று நின்றது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள அவள் தினம் புளிமிளகாய் வைப்பாள். புளியைக் கரைத்துப் பிழிந்த சக்கையையும் கொட்டையையும் அந்தப் பள்ளத்தில்தான் மூன்று வருசமாக வீசினாள். அதில் ஒன்று முளைத்துவிட்டது. அதன் காலடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நிழல். நாற்பது பேர் உட்கார்ந்த நிழல் அந்த உள்ளங்கைக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

நியாயம் விளங்க அதிக நேரம் ஆகவில்லை. பன்னிரண்டாம் நம்பரிலும் பத்து நாளைக்கு முன்னால் நிழல் ஒரு நாள் காணாமல் போய், சாயங்காலம் தானாகத் திரும்பி வந்திருந்தது. அன்றைக்கு அங்கே ஒரு முளையைத் தன் வெள்ளாடு மேய்ந்ததை ஆட்டுக்காரி செண்பகம் இப்போதுதான் நினைத்துச் சொன்னாள். அப்படியானால் கணக்கு சுலபம். கன்று முளைத்தால் பழைய நிழல் போய்விடும். கன்று போனால் பழைய நிழல் வந்துவிடும். இரண்டும் ஒரே இடத்தில் இருக்காது.

“அப்பம் புடுங்கு” என்றார்கள் எல்லோரும்.

சீனியம்மாவும் அதற்குத்தான் குனிந்தாள், பொய் சொல்லக் கூடாது. கூழ் நுரைத்துக்கொண்டிருந்தது, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் வெயிலில் நிற்கமாட்டாமல் அவளைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு விரலால் கன்றைப் பிடித்தாள். பிடித்த விரலுக்கு அது விறைப்பாக இருந்தது. நூல்போலத்தான், ஆனாலும் ஒரு தண்டு. லேசாக அழுத்தினாள், வளைந்து கொடுத்துவிட்டு மறுபடி நிமிர்ந்தது. மூன்று வருசமாக அந்த இடத்தில் சாய்ந்து சாய்ந்து விழுந்தவளுக்கு அது என்னவோ செய்தது. இங்கே ஒன்று நிற்கிறது, எதிர்த்து நிற்கிறது. பிடித்த விரலை எடுத்துவிட்டாள்.

“ஏ சீனி, என்ன யோசன?”

“நாளைக்கு உச்சி வரைக்கும் விடுங்க” என்றாள். “அதுக்குப் பெறகும் புடுங்கணும்னா நானே புடுங்குதேன்.”

மறுநாள் உச்சியில் ஊரே விலக்கில் கூடிவிட்டது. நாற்பத்தேழில் சீனியம்மா கன்றைச் சுற்றி நான்கு கல்லை வைத்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றாள். அவளைத் தவிர எல்லோரும் நாற்பத்தாறிலும் நாற்பத்தெட்டிலும் நிழலுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள்.

தங்கப்பழம் தொண்டையைச் செருமினார். “ஒத்தக் குத்துச்செடி. இதுக்கு ஒரு ஊர்க்கூட்டமா தாயீ? புடுங்கிப் போட்டா சாயங்காலமே ஒங்கடை ஒனக்கு. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டு நிக்கியே.”

“அவளுக்கு என்ன வே!” என்று குறுக்கே பாய்ந்தார் ஆவுடையப்பன். சாலிகுளத்து மடைகளைத் திறந்து மூடி வயலுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சி அவர். சுள்ளென்று கோபம் வரும், கோபம் வந்தால் மண்வெட்டிக் காம்பால் தரையைத் தட்டுவார். “இன்னைக்கு நாப்பத்தேழு போச்சு. நாளைக்கு அவ கொட்டைய வீசி நாப்பத்தெட்டு போகும். ஊரையே வெயில்ல போட்டு வறுத்துருவா. தானா கெடக்குத நெழல வேண்டாம்னு சொல்ல இவ யாரு?”

சீனியம்மா தட்டை எடுத்து ஆவுடையப்பன் கையில் கொடுத்தாள்.

“இது மூணு. மொத வருசம். இது எட்டு. இந்தச் சித்திரைக்கு இருவத்தொண்ணு. நீங்க நிக்கியள்ளா, நாப்பத்தெட்டுல, குனிஞ்சு ஒங்க சட்டையப் பாருங்க.”

ஆவுடையப்பன் குனிந்து பார்த்தார். சட்டை முழுக்க வெயில் பொட்டு. அவர் பக்கத்தில் நின்றவர்கள் குனிந்தார்கள், அவர்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் குனிந்தார்கள், கூட்டம் முழுக்கத் தன் தன் நெஞ்சையும் வயிற்றையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டது. மூன்று வருசமாக எல்லோரும் அதற்குள்தான் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் குனிந்து பார்த்ததில்லை.

“இன்னும் நாலு வருசம் தாங்குமா?” என்று கேட்டார் மீராசா பாய், மெதுவாக.

“அதான் பாய் எனக்கும் தோணுது. நாலு.”

“நாலு வருசம் கெடக்குல்லா!” என்று தங்கப்பழம் மலர்ந்தார். “அப்பம் பாத்துக்கிடலாம்.”

“அப்பம் நட்டா எப்பம் நெழலு வரும் தலைவரே? நீங்க கேட்டதும் அது வந்து நிக்குமாக்கும்?” சீனியம்மா குரலை உயர்த்தினாள். “எனக்கு மட்டும் ஆசையா, இங்கன வெயில்ல நின்னு வேக? எங் கூழு ரெண்டு நாளாக் குப்பையில போகுது. ஒத்தச் செடியப் புடுங்கிட்டு நிம்மதியா உக்காந்திரலாம்னு எனக்கும்தான் இருக்கு. ஆனா அது நிக்கி. நம்ம நெழலு படுத்துத்தான கெடக்கு!”

கூட்டத்தில் சலசலப்பு. ஆவுடையப்பன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, முன்பைவிடக் கோபமாக, “சரி சீனி, நீ சொல்லுதது நெசம். அதனால என்ன? எழுவத்துமூணையும் இன்னைக்கே நட்டா இன்னும் பத்து வருசத்துக்கு ஊரு வெயில்ல வேகணும். நடாம விட்டா நாலு வருசம் கழிச்சு வேகணும். ரெண்டுல எதுல வேகணும், சொல்லு?” என்று மண்வெட்டிக் காம்பைத் தட்டினார்.

கேள்வி எல்லோருக்கும் நியாயமாகத்தான் பட்டது. தங்கப்பழம் மேல்துண்டால் விசிறிக்கொண்டார். சீனியம்மா ஆத்திரத்தில் அவரையே திருப்பிக் கேட்டாள்.

“ஏன் அண்ணாச்சி, கொளத்துல தண்ணி கொறைஞ்சு கெடக்கு, எல்லா வயலும் காயுது. எல்லா மடையையும் ஒரே நாள்ல தொறந்து விட்டுருவியளா?”

“எந்தக் கூறுகெட்டவன் தொறப்பான்?”

“அப்பம் எல்லாத்தையும் அடைச்சுப் போட்டுட்டுக் கரையில உக்காந்திருவியளோ?”

“பயிரு செத்துப்போகாதா? முறை வைப்பேன். மேமடைக்கு ரெண்டு நாளு, நடுமடைக்கு ரெண்டு நாளு, கடைமடைக்கு ரெண்டு நாளு. தண்ணி பாயாத வயல்காரனுக்குப் பாய்ஞ்சவன் ஒத்தாச பண்ணணும், அதான்…”

ஆவுடையப்பன் நிறுத்தினார். முப்பது வருசமாகச் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டுக்கொண்டு திறந்தபடி நின்றது.

“நெழலுக்கு முறை வைக்கச் சொல்லுதியா?” என்றார்.

“நா எங்க சொன்னேன், நீங்கல்லா சொன்னீய!” என்றாள் சீனியம்மா.

அவ்வளவுதான், ஆவுடையப்பனைப் பிடிக்க முடியவில்லை. மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து மணலில் கோடு இழுத்தார், எழுபத்துமூன்று புள்ளி வைத்தார், உட்கார்ந்தார், எழுந்தார், ஏ தள்ளு வே என்று தலைவரையே தள்ளினார். நாற்பத்தேழில் தொடங்கி மேலேயும் கீழேயும் இரண்டு விட்டு ஒன்று. அது முதல் முறை. இருபத்துமூன்று குழியில் கொட்டை போட வேண்டும், இருபத்துநாலாவது ஏற்கெனவே முளைத்து நிற்கிறது. நிழல் கொடுத்தவர்களுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு பழைய நிழலிலும் உட்கார உரிமை உண்டு. கன்றுகள் ஆள் உயரம் வந்த பிற்பாடு இரண்டாம் முறை. அப்புறம் மூன்றாம் முறை. பழைய நிழலில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும், ஊர்க்காரனோ வழிப்போக்கனோ, எழுந்து போகும்போது பக்கத்துக் கன்றுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் போக வேண்டும். மடைக்காரன் சொன்னால் சொன்னதுதான், மேல்முறையீடு கிடையாது.

எல்லாம் சரி, தன் தலைக்கு மேலிருக்கும் நிழலை யார் முதலில் சுருக்கிக்கொள்வது? கூட்டம் நகரவில்லை. அப்போது கடகடவென்று ஒரு சத்தம். நாற்பத்தெட்டில் மீராசா பாய் தையல் மிஷினை இழுத்து ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தார். நகர்த்தி, வெயில் காலில் படும் விளிம்பில் நிறுத்தி, காலியான இடத்தை விளக்குமாற்றால் பெருக்கிவிட்டார்.

“தங்கச்சி, பானைய எடுத்துட்டு இங்கன வா. ரெண்டு பேரும் இதுல இருப்போம். நீ கெழக்க, நான் மேக்க.”

இரண்டு நாளாகச் சீனியம்மா இறுக்கிப் பிடித்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. பானையைத் தூக்கிக்கொண்டு அழுதுகொண்டே நாற்பத்தெட்டுக்குள் நுழைந்தாள். அதற்குப் பிறகு முப்பத்தெட்டுக்காரன் வந்தான், ஐம்பதுக்காரி வந்தாள், பன்னிரண்டில் இருந்தவர்கள் தங்கள் முறை இப்போது இல்லை என்று தெரிந்து வருத்தப்பட்டார்கள். நேற்றைக்குப் பிடுங்கு பிடுங்கு என்ற ஊர், இன்றைக்கு எனக்குக் கொட்டை கொடு எனக்குக் கொட்டை கொடு என்று அவளுடைய புளிச்சக்கைச் சட்டியைச் சுற்றி அடித்துக்கொண்டது. ஊர் கூடித் தேர் இழுக்கிறபோது வருமே ஒரு வெறி, அது பட்டப்பகலில் விலக்கில் வந்து இறங்கியது.

கொட்டை போட்ட ஒன்பதாம் நாள் விடிந்தும் விடியாமல் சனம் சாலையோரம் வரிசையாகக் குந்தியிருந்தது. கொட்டுக்காரரைக்கூடக் கூட்டி வந்துவிட்டார் தங்கப்பழம். வெயில் ஏறியது. “அஞ்சு! அஞ்சு முளைச்சிட்டு!” என்று ஒரு கூச்சல். எல்லோரும் பார்க்கப் பார்க்க ஐந்தாம் நம்பரின் பெரிய நிழல் பாயைச் சுருட்டுவதுபோல நாலா பக்கமிருந்தும் சுருண்டு வந்து, ஒரு முளையின் காலடியில் விரல்நகம் அளவுக்கு நின்றது. குலவை கிளம்பியது. அடுத்து இருபது, அடுத்து ஐம்பத்தாறு, அடுத்து இரண்டு. ஒவ்வொரு நிழலாகச் சுருங்கச் சுருங்க வெயில் தலையில் கொட்டக் கொட்ட, ஜனங்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டு, நிழல் போன சந்தோசத்தில் ஆடினார்கள். இந்தக் கூத்தை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்!

எல்லாம் சுமுகமாகப் போயிற்று என்று சொன்னால் கதை விடுகிறேன் என்று சொல்வீர்கள். இரண்டாம் முறையில், முப்பத்தொன்றில் பஞ்சர் ஒட்டுகிற சங்கரபாண்டி, முளைத்த கன்றுக்கு யாரும் பார்க்காதபோது வெந்நீரை ஊற்றிவிட்டு, ஐயோ பட்டுப்போச்சே என்று வாயில் அடித்துக்கொண்டான். பெரிய நிழல் அவனுக்குத் திரும்பி வந்தது. ஊர் அவனை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஆனால் அந்த நிழலில் ஒருவரும் உட்காரவில்லை. பஞ்சரான சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கடந்து போனார்கள். நாலு நாள் தனியாக அவ்வளவு பெரிய நிழலில் உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் நாள் சீனியம்மாவிடம் வந்து, “மைனி, ஒரு கொட்ட தாங்க” என்றான். இரண்டாகவே கொடுத்தாள்.

பஸ் வந்து நின்றால் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, “உக்காந்தவுகள்லாம் ஒரு சொம்பு ஊத்திட்டு ஏறுங்க!” என்று கத்துவார். சொம்பு தூக்க ஆரம்பித்த கைகள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஆரம்பித்தன, பார்த்ததும் குளத்தைத் தூர்வார மண்வெட்டியோடு இறங்கின. வடக்கே ஓர் ஊரில் வற்றிப்போன ஓடையின் சலசலப்பு மட்டும் வருசக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஓடை இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தவர்கள், சத்தம் கம்மிக்கொண்டு வருவதை இப்போதுதான் கவனித்து, முறை வைப்பது எப்படி என்று கேட்க வேன் பிடித்து வந்தார்கள். ஆவுடையப்பன் அவர்களுக்கும் மணலில் கோடு இழுத்துக் காட்டினார். கேட்கிற ஊருக்கெல்லாம் போய் வந்து, அந்தக் கோபக்காரர் ரொம்பப் பெரிய மனுசராகிவிட்டார்.

நாலு வருசம் என்ற பழைய நிழல் எட்டு வருசம் கிடந்தது. பங்கு போட்ட நிழல் மெதுவாகத் தேயும் என்று மீராசா பாய் சத்தியம் செய்வார். அதெல்லாம் ஒன்றுமில்லை, சொம்பு தூக்குகிற அவசரத்தில் யாரும் பொட்டு எண்ணவில்லை என்பாள் சீனியம்மா. எப்படியோ, நாற்பத்தெட்டின் நிழல்தான் கடைசி வரைக்கும் கிடந்தது. கடைசியில் சல்லடையாகி, அதில் பாதிக்கும் மேல் வெயிலாகி, அங்கேயும் கன்று முளைத்தபோது, இரண்டு பேரும் மிஷினையும் பானையையும் தூக்கிக்கொண்டு நாற்பத்தேழுக்குப் போனார்கள். அதற்குள் நாற்பத்தேழு இரண்டு ஆள் உயரம் வளர்ந்து, இரண்டு கடைக்கு இடம் கொடுக்கிற அளவுக்குக் குடை விரித்திருந்தது. கோணல் கொப்பு மட்டும் இல்லை. இது வேறு மரம்.

பதினோராம் வருசத்துச் சித்திரை. உச்சி வெயில். மதுரை பஸ்ஸும் தூத்துக்குடி பஸ்ஸும் ஒரே நேரத்தில் வந்து, நாற்பத்தேழுக்குக் கீழே நிற்க இடமில்லாத கூட்டம். பானையின் அடி தெரிகிற வரைக்கும் சீனியம்மா நிமிரவில்லை. கடைசிச் சொம்பையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அந்தப் பழைய தட்டை மோர்ப்பானைமேல் மூடினாள். மூடிய மறு நிமிசம் மேலிருந்து பொத்தென்று ஏதோ விழுந்தது. பார்த்தாள். கீறல்களுக்கு நடுவில், வெள்ளையும் கருப்புமாக, சூடாக.

“பாய்!” என்று கத்தினாள். “பாய்! எச்சம்! காக்கா எச்சம்!”

“எங்க? எங்க?” மீராசா பாய் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டோடு எழுந்து ஓடி வந்தார். நிமிர்ந்து பார்த்தார்கள். கொப்பில் ஒரு காக்கை, நிழல் இல்லை, காக்கையேதான், தலையைச் சாய்த்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற சனமெல்லாம் கழுத்தை ஒடித்து மேலே பார்த்து, கைகொட்டிச் சிரித்தது. தங்கப்பழம் வந்து, தட்டைக் கையில் வாங்கிப் பார்த்து, “பராமரிப்பு வந்துட்டு” என்றார்.

சிரித்துச் சிரித்து வயிறு நோக, சீனியம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். கால்களை நீட்டினாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அப்புறம், இத்தனை வருசமாக விழுந்து விழுந்து சாய்வதையே மறந்து போயிருந்த முதுகு, எதையோ நினைத்துக்கொண்டதுபோலத் தானாகப் பின்னால் போயிற்று.

“ஏ தங்கச்சி, விழுந்திராத!” என்று மீராசா பாய் கையை நீட்டினார்.

முதுகில் பட்டை சொரசொரவென்று குத்தியது. சீனியம்மா விழவில்லை.